பின் சுவருக்குள் போன இரண்டாவது ஒயர்

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டின் பின் சுவரை இடித்து, கிணற்றடி வரைக்கும் இழுத்து, உங்களுக்கென்று ஒரு அறையும் குளியலறையும் கட்டிவிடலாம், இந்த ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து வரும்போது தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூட்டி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வருகிற பெண் இந்த நெருக்கத்துக்குள் கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கிறாய், நல்லதுதான். அப்பா உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயே எழுதிடு. எனக்கு வராது" என்றார். அதனால் எழுதுகிறேன். கொத்தனாரின் கடப்பாரை அந்தச் சுவரில் படுவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்குள் ஒரு ஒயர் போகிறது. எர்த் ஒயர் என்று அப்பா உன்னிடம் சொன்னார். அது எர்த் ஒயர் இல்லை.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியாததில்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மார்க் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள் நான். பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். முதலியார்பேட்டையில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவளுக்கு அந்தக் குணம் வராமல் இருக்காது. கடையில் கிழித்துக் கொடுத்ததாகச் சொல்லும் அளவு ஒன்று, என் மேசைமேல் விரிக்கும்போது இருக்கும் அளவு இன்னொன்று. டேப் வைக்காமலே சொல்லிவிடுவேன், இதில் முழுக்கை வராது என்று. உன் அப்பா என் கண்ணை மறந்துவிட்டதால்தான் மாட்டிக்கொண்டார்.

முதலில் செல்வி போன நாளைச் சொல்லியாக வேண்டும். உன் தங்கை பெயரை இந்த வீட்டில் யாரும் உன் காது கேட்கச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. பின் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்த சொல்தா வீட்டு ஆல்பேரை அவள் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்ததும் நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தாய். அவளுடைய துணியையெல்லாம் பின்பக்கத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாய். அந்தச் சுவர்மேல் கை வைத்துத்தான் இரண்டு வீட்டுப் பெண்களும் காலையில் பேசிக்கொள்வோம். பிரெஞ்சுக்காரப் பென்ஷனுக்கு ஆசைப்பட்டுப் பெண்ணை விற்றுவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றாய். உனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வாசலில் நின்று நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை மறக்கவில்லை. "இந்த வூட்லேர்ந்து யாராச்சும் அந்த வாசப்படிய மிதிச்சா, நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். ஒங்களுக்குக் கொள்ளி வைக்க வேற ஆள பாத்துக்குங்க." அப்புறம் நீயே கொத்தனாரோடு கூட நின்று அந்தக் குட்டைச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றினாய். மேலே பாட்டில் கண்ணாடியை உடைத்துப் பதித்தாய். நான் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் "எனக்கு ஒரே புள்ளதான்" என்று சத்தமாகச் சொன்னேன். உனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்பா மில்லுக்குப் போனார், வந்தார்.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. அப்புறம் ஒருநாள் அப்பா டிவி வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் ஃபேன் எதற்கு என்று கேட்கிற மனிதர். சரி, மில்லில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், ஆசை வந்திருக்கும் என்று விட்டேன். அதற்கு அடுத்து சொன்னதுதான் எனக்கு இடித்தது. "ஒயர் எதுவும் வெளிய தெரியக் கூடாது. செவுத்த வெட்டி பைப்பு வச்சி எல்லாத்தையும் உள்ளாற கொண்டாந்துடணும். கம்பி தொங்குனா வூடு வூடாவா இருக்கும்?" என்றார். கிழிந்த பனியனோடு கடைத்தெருவுக்குப் போய் வருகிறவருக்கு வீட்டு அழகைப் பற்றி என்ன கவலை? தெருவில் டிவி இருந்த மற்ற வீடுகளில் எல்லாம் ஒயர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தது. யாருக்கும் அது அசிங்கமாகத் தெரியவில்லை.

அதோடு விடவில்லை. அரியாங்குப்பத்தில் என் அண்ணன் வீட்டுக்கு நான் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறவர், அந்த வாரம் அவரே, "ஒங்கண்ணன பாத்து நாளாச்சே, ரெண்டு நாளு இருந்துட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டார். ஆற்றுப் பாலம் தாண்டும் வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். திரும்பி வந்தபோது கூடத்தில் டிவி இருந்தது. சுவரில் ஒயர் இருந்த தடமே இல்லை, புதுப் பூச்சு மட்டும் ஈரமாக ஒரு கோடு போட்டிருந்தது. கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். பின் சுவரிலும் அதே மாதிரி ஒரு ஈரக் கோடு, மாடியிலிருந்து தரை வரைக்கும். தரையில் மண் கிளறி மூடியிருந்தது.

"பின்னாடி செவுத்துல என்னாங்க ஈரம்?" என்று கேட்டேன்.

"அது எர்த்து. இடி எறங்குனா பொட்டி வெடிச்சிடும்னாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பரணில் மிச்ச ஒயர் ஒரு சிறு வளையமாகக் கிடந்தது. அது சுற்றி வந்த அட்டை உருளையும் அங்கேயே கிடந்தது. உருளையின் பருமனைப் பார்த்தேன், மிச்சத்தைப் பார்த்தேன். மாடியிலிருந்து கூடத்துக்கு வருவதற்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆன்டெனா குழாயில் கட்டியிருந்த பூஸ்டர் பெட்டியிலிருந்து கறுப்பு ஒயர் இரண்டு இறங்கியது. ஒன்று கூடத்துச் சுவருக்குள் போயிற்று. இன்னொன்று பின் சுவருக்குள் போயிற்று. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நிறம். அந்தச் சனிக்கிழமை நீ வந்து கூடத்தைப் பார்த்துவிட்டு, "ஒயரே தெரியலியேப்பா, பெரிய வூட்டு ஹாலு மாரி கீது" என்றாய். பின்பக்கத்துக் கோட்டையும் பார்த்தாய். எர்த் என்றதும் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் நான் அவரைக் கவனிப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் அவர் மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்புவார், நான் கீழே டிவி முன்னால் நின்று கத்துவேன். உனக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். ஒரு சாயங்காலம் மெட்ராஸிலிருந்து வருகிற படம் வெறும் புள்ளியாக இருந்தது. அவர் மேலே போனார்.

"தெரியுதா?"

"தெரியுது!"

"இப்ப?"

"அப்பவே நல்லா தெரியுதுங்க, வுட்டுட்டு வாங்க!"

அவர் வரவில்லை. இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார். தெளிவாக வந்த படம் என் எதிரிலேயே கலைந்தது, மறுபடி வந்தது. நான் சத்தம் போடாமல் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. பின் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து டம்ளரால் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. உடனே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார். பின் தெருவில் யாரோ ஒருத்திக்கு என் புருஷன் படம் காட்டுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

யார் என்பதும் உடனே மனதில் வந்துவிட்டது. பின் தெருவில் என்னிடம் ரவிக்கை தைக்கிற லூர்து, உனக்கு நினைவிருக்கும், புருஷன் செத்துப் போனவள், எப்போதும் சிரித்த முகம். சில வாரங்களாக அப்பா அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். "லூர்து இன்னிக்கி வரலியா? அடிக்கடி வருதே, அவ்ளோ ரவிக்கையா தெக்குது?" என்பார். எனக்கு வயிறு எரியும். ஆனால் அவளைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியாது. ஏனென்றால் லூர்து ரவிக்கைக்காக மட்டும் வரவில்லை. செல்விக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை, இரண்டாவது உண்டான பிறகு எழுந்து நடமாடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னவள் லூர்துதான். அன்றிலிருந்து நான் துணிப்பைக்குள் தூக்குப் பாத்திரம் வைத்து, மேலே ரவிக்கைத் துணியைப் போட்டு மூடி, லூர்து கையில் செல்விக்குக் குழம்பும் சோறும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். என் தூது போகிறவளே என் வீட்டில் கை வைக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு, அவள் கையிலேயே பாத்திரத்தையும் கொடுத்துக்கொண்டிருந்த என் நிலைமையை யோசித்துப் பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, டிவியில் பாட்டுப் போடுகிற நேரம், அப்பா மாடிக்குப் போனதும் நான் தைத்து முடித்த ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவைச் சுற்றிப் பின் தெருவுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று போனேன். லூர்து வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை. அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னாக்கா, நீயே வந்துட்ட?" என்றாள். டிவி சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அது சொல்தா வீடு. என் வீட்டுக் கூடத்தில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ அதே பாட்டு.

நான் அந்த வாசல்படியை மிதித்தேன், சேகர். யோசிக்கவில்லை. ஆல்பேர் காலாப்பட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தவன் இன்னும் திரும்பவில்லை. அவனுடைய அப்பா, அந்தக் கிழ சொல்தா, நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்க மதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் கைத்தடியை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே பின்னறையில் செல்வி படுத்திருந்தாள். வயிறு மட்டும்தான் பெரிதாக இருந்தது, கையும் முகமும் குச்சியாக இருந்தன. கால்மாட்டில் டிவி. அதன் பின்னால், தரையை ஒட்டி, நீ எழுப்பிய சுவருக்கு அடியில் புகுந்து வந்த கறுப்பு ஒயர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! அப்பா சொல்லித்தான வந்த?" என்றாள்.

"அப்பா என்னாத்த சொல்லணும்?"

அவள் ஒயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். மில் வாசலில் ஒருநாள் அப்பா ஆல்பேரை நிறுத்தி, எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை, டிவியாவது பார்க்கட்டும் என்றால் ஓட்டு வீட்டில் அவ்வளவு பெரிய குழாய் நிற்காது, படம் வருவதில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்பா கேட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி அவனை நிறுத்தி, "எங்க மாடிலேர்ந்து ஒரு ஒயரு அனுப்புறேன், பின்னாடி செவுத்தடியில ஒரு ஓட்ட போட்டு வையி" என்றிருக்கிறார். அதற்காகத்தான் நம் வீட்டுக்கு டிவி வந்தது. அதற்காகத்தான் ஒயரெல்லாம் சுவருக்குள் போயிற்று. வெளியே தெரிந்தால் சனிக்கிழமை வரும் உன் கண்ணில் பட்டுவிடும். படம் தெளிவாக வந்ததும் செல்வி படுத்தபடியே டம்ளரால் கட்டில் காலைத் தட்டுவாளாம்.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ அண்ணங்கிட்ட சொல்லிடுவேன்னு அப்பா பயந்தாரும்மா."

"நான் சொல்லிடுவேனா? ஒனக்கு மீன் கொழம்பு யாரு அனுப்புறதுன்னு அவருகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு நீதான லூர்தக்காகிட்ட சொல்லி அனுப்புன."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். சிக்கு விழுந்து கிடந்தது. என்ன பாட்டு ஓடியது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு அழுதோம். திரும்பி வந்தபோது அப்பா இன்னும் மாடியில்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். டம்ளர் சத்தம் வராததால் படம் வரவில்லை என்று நினைத்துத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம். நான் கிணற்றடியிலிருந்து அண்ணாந்து பார்த்து, "அங்க நல்லாத் தெரியுது. எறங்கி வாங்க" என்றேன்.

அவர் குழாயை விட்டுவிட்டார். இறங்கி வந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி இருக்கா?" என்றார். இளைத்திருக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டினார். அப்புறம், "அன்னிக்கி எனக்குன்னு எடுத்து வச்ச வஞ்சிரம்?" என்றார். அங்கேதான் போயிற்று என்றேன். வீட்டில் தனக்குத் தெரியாமல் நான் யாருக்கு ஊட்டுகிறேன், லூர்து எதைக் கொண்டுபோகிறாள் என்று அவரும் பல வாரமாக என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். இருபத்தைந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திருடர்களைப் போல் பார்த்துக்கொண்டிருந்தோம். எதற்காக? உன் குரலுக்குப் பயந்து.

இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதற்காகச் சொல்கிறேன். உன் மனைவி நாளைக்கு உன்னிடம் ஏதாவது மறைக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அப்போது அலமாரியைத் திறந்து பார்க்காதே, பக்கத்து வீட்டில் விசாரிக்காதே. அவளையே கேள். கேட்பதற்கு முன்னால், கடைசியாக அவளிடம் எந்தக் குரலில் பேசினாய் என்று நினைத்துப் பார். ஒருவன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போய்விட்டால் வீட்டில் மற்றவர்கள் அவனை மீறுவதில்லை, அவனுக்குத் தெரியாமல் வாழப் பழகிக்கொள்கிறார்கள். நாங்கள் பழகிக்கொண்டோம். செல்விக்குப் பெண் பிறந்தது. கிளாரா என்று பெயர் வைத்தார்கள். நான்கு வயதாகிறது, உன் மூக்கு. சனிக்கிழமை உன் பஸ் வரும் நேரம் ஆனால் லூர்து வழியாகச் சொல்லி அனுப்புவேன், குழந்தையைப் பின்பக்கம் விட வேண்டாம் என்று. அப்படியும் சில சமயம் அழுகைச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துவிடும். நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். பெற்ற பிள்ளையின் கால் செருப்புச் சத்தம் கேட்டால் பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டன எங்கள் சனிக்கிழமைகள்.

இப்போது என் கடைசிச் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசிப் புயலில் ஆன்டெனா குழாய் விழுந்தது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தனியாக மாடிக்குப் போய்க் குழாயை நிறுத்திவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நெய்வேலிக்குப் போய்விட்டாய். மறுநாள் லூர்து வந்து, படம் முன்னைவிட நன்றாக வருகிறதாம், செல்வி அப்பாவிடம் சொல்லச் சொன்னாள் என்றாள். அப்பா கட்டிலை விட்டு இறங்கவே இல்லையே. நான் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பிய்ந்துபோன இரண்டு ஒயரையும் சுத்தமாகச் சீவி, பெட்டியில் பொருத்தி, கறுப்பு டேப்பைச் சீராகச் சுற்றியிருந்தது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன் எர்த் ஒயரைக் கொண்டுபோய் ஆன்டெனா பெட்டியில் மாட்டுவானா? அப்பாவிடம் சொன்னேன். "அவனுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வூடு ரெண்டாயிருக்கும். தெரியாம பண்ணிருப்பான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நீ கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது கிளாரா அழுதாள். நான் சத்தத்தைக் கூட்ட எழுந்தேன். "இருக்கட்டும்மா" என்றாய். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை நான் இத்தனை மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் உன் கடிதத்தையும் நான் அப்படியே நம்பவில்லை. குளியலறை கட்ட முன்பக்கம் இடம் இருக்கிறது, மாடியில் இடம் இருக்கிறது. நீ ஏன் பின் சுவரைத் தேர்ந்தெடுத்தாய்? உனக்கு இடம்தான் வேண்டுமா, அல்லது நீயே ஏற்றிய அந்தச் சுவர் வரைக்கும் கடப்பாரை போட ஒரு சாக்கு வேண்டுமா? நான் உன்னைத் தப்பாக நினைத்திருந்தால் ஏசிக்கொள். இந்த ஒரு சந்தேகம் பலித்தால் போதும், இனிமேல் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன். அது பொய்யாகிவிடும், எழுதவில்லை.

எப்படியிருந்தாலும் நானும் அப்பாவும் முடிவு செய்துவிட்டோம். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகக் கிளம்பி, தெருவில் எல்லோரும் பார்க்க நடந்து, செல்வி வீட்டுக்கு முதல் அழைப்பு வைக்கப் போகிறோம். நாத்தனார் இல்லாமல் தாலி முடிச்சுப் போட யார் இருக்கிறார்கள்? அப்பாவுக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பார். நீ வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸைப் பிடி. பத்து மணி வரைக்கும் உனக்காகக் காத்திருப்போம். வராவிட்டாலும் போவோம்.

உன் அம்மா